தோளில் ஒரு தழும்பு

(கற்போர் கூட்டத்தில் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் பேசியது)



பேச்சைத் தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை. எல்லோரும் உங்கள் கையைப் பாருங்கள். தோளுக்குக் கொஞ்சம் கீழே பாருங்கள். சட்டை மறைத்தால் ஏற்றி விட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் இருப்பவர் கையையும் பாருங்கள்.

தழும்பு தெரிகிறதா? 50 வயது தாண்டியவர்களுக்கு அது வட்டமாக, பள்ளமாக இருக்கும். சிலருக்கு இரண்டு இருக்கும். அது பெரியம்மைக்காகக் குத்தியது. 'அம்மை குத்துவது' என்று சொல்வோமே, அதுதான். இளைஞர்களுக்கு இடது கையில் சின்னதாக ஒன்று இருக்கும். அது பி.சி.ஜி. ஊசி. காசநோய்க்காகப் பிறந்த குழந்தைக்குப் போடுவது.

ஊசி போட்டார்கள். புண் வந்தது. ஆறியது. தழும்பு விழுந்தது. இது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த நாட்களில் உடம்புக்குள் என்ன நடந்தது? அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நான் 30 வருஷத்துக்கு மேல் நர்ஸ் வேலை பார்த்தவள். ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு ஊசி போட்டிருக்கிறேன். ஆனால் ஒரு தாயைக்கூட உட்கார வைத்து இதைச் சொன்னதில்லை. "புண் வரும், பயப்படாதே" என்பேன். அடுத்த குழந்தையைக் கூப்பிடுவேன். வரிசை அவ்வளவு நீளம். அதனால் என்ன கெடுதல் வந்தது என்பதை ஒரு நாள் கண்ணால் பார்த்தேன்.

ஒரு தாய். அவளுக்கு முதல் குழந்தை. பி.சி.ஜி. போட்டு ஒரு மாதம் கழிந்தது. குழந்தையின் கையில் கட்டி எழும்பி உடைந்தது. வீட்டில் இருந்தவர்கள் சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசினார்கள். புண் வெந்து பெரிதாகிவிட்டது. "ஊசி போட்டுத்தான் பிள்ளை கை இப்படி ஆச்சு" என்று வீட்டில் பேச்சு. அதற்குப் பிறகு அந்தக் குழந்தையை எந்த ஊசிக்கும் கொண்டு வரவில்லை. பத்தாம் மாதம் தட்டம்மை வந்தது. குழந்தை பிழைத்தது. ஆனால் ஒரு காதில் சீழ் வடிவது வெகு நாள் நிற்கவில்லை.

அந்தத் தாய் மேல் எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் யோசித்தேன். கோபம் என் மேலேயே திரும்பியது. அவளுக்கு யார் சொன்னார்கள்? நான் சொன்னேனா?

அதனால் இன்று நிதானமாகவே சொல்கிறேன்.

அம்மை குத்தின கதை

தோலைக் கீறித் தடுப்பு கொடுப்பது நம் நாட்டில் பழைய பழக்கம். 200, 300 வருஷங்களுக்கு முன்பே வங்காளத்தில் 'டிக்காதார்' என்பவர்கள் இருந்தார்கள். அவர்கள் ஊர் ஊராகப் போவார்கள். பெரியம்மைக் கொப்புளத்தில் இருந்து எடுத்த சீழை, நல்ல உடம்பு உள்ளவரின் தோலைக் கீறித் தடவுவார்கள். அவருக்கு லேசாக அம்மை வரும். பிறகு ஆயுளுக்கும் வராது. ஆனால் அதில் ஆபத்து இருந்தது. சிலர் செத்தும் போனார்கள். அவர்களிடம் இருந்து மற்றவர்களுக்கும் அம்மை தொற்றியது.

1796-ல் இங்கிலாந்தில் ஜென்னர் என்ற டாக்டர் வேறு வழி கண்டார். பசுவுக்கு வரும் அம்மை மனிதருக்குப் பெரிய கெடுதல் செய்யாது. அந்தச் சீழை எடுத்து 8 வயதுப் பையன் ஒருவனின் கையைக் கீறித் தடவினார். பிறகு பெரியம்மைச் சீழையே தடவிப் பார்த்தார். பையனுக்கு ஒன்றும் வரவில்லை. (இன்று யாராவது ஒரு பிள்ளைக்கு இப்படிச் செய்து பார்த்தால் ஜெயிலுக்குத்தான் போக வேண்டும்.)

1802-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அந்தத் தடுப்பு பம்பாய்க்கு வந்தது. நம் நாட்டில் முதன்முதலில் அதைப் பெற்றவள் 3 வயதுப் பெண் குழந்தை. பெயர் அன்னா டஸ்ட்ஹால். அப்போது ஐஸ் பெட்டி ஏது? அவள் கையில் எழும்பிய கொப்புளத்தில் இருந்து எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்தினார்கள். அந்தக் குழந்தையிடம் இருந்து இன்னொரு குழந்தைக்கு. இப்படிக் கைக்குக் கை தாண்டி மற்ற ஊர்களுக்கும் போனது.

அதற்குப் பிறகும் பெரியம்மை ஒழிய 170 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. 1974-ல் நம் நாட்டில் 1,80,000 பேருக்கு மேல் பெரியம்மை கண்டது. பீகாரில்தான் மிக அதிகம். சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய்த் தேடினார்கள். நோய் கண்ட வீட்டைச் சுற்றி உள்ள எல்லோருக்கும் குத்தினார்கள். 1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1980-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள்.

இத்தனை வருஷமும் குத்தினார்களே, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தா குத்தினார்கள்? இல்லை. பலன் தெரிந்தது. காரணம் பிறகுதான் தெரிந்தது.

தோலில் நிற்கும் காவல்

தோல் நமக்கு வெறும் போர்வை என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. தோலுக்குள் ஒரு காவல் படை இருக்கிறது.

உடம்பு முழுவதும் மிக நுண்ணிய அணுக்களால் ஆனது. செங்கல் செங்கலாக வைத்து வீடு கட்டுகிற மாதிரி. 1868-ல் ஜெர்மனியில் லாங்கர்ஹான்ஸ் என்ற மாணவர் தோலைப் பூதக்கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்த்தார். அங்கே வேறு வடிவத்தில் சில அணுக்கள் தெரிந்தன. மரம் கிளை விட்டது போல அவை நாலு பக்கமும் கை நீட்டி நின்றன. 'இவை நரம்பு அணுக்கள்' என்று அவர் நினைத்தார். அவை செய்யும் வேலை விளங்க 100 வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இந்த மாதிரிக் கிளை அணுக்கள் உடம்பின் உள்ளேயும் உண்டு என்று 1973-ல் அமெரிக்காவில் ஸ்டெயின்மன் என்பவர் கண்டார். அவருக்கு 2011-ல் நோபல் பரிசு கிடைத்தது. பாவம், அறிவிப்பு வருவதற்கு 3 நாள் முன்னால் இறந்துவிட்டார்.

கிளை அணுக்களுக்கு என்ன வேலை? தோலுக்குள் புதிதாக எது நுழைந்தாலும் அதைப் பிடிக்கும். துண்டு துண்டாக்கும். ஒரு துண்டைத் தன் மேல் மாட்டிக்கொண்டு தோலை விட்டுக் கிளம்பும். எங்கே போகும்?

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். கையில் புண் வந்தால் அக்குளில் நெறி கட்டும். எல்லோருக்கும் அனுபவம் உண்டு. கிளை அணுக்கள் போய்ச் சேரும் இடம் அந்த நெறிதான். நிணநீர் முடிச்சு என்று டாக்டர்கள் சொல்வார்கள். புண் வந்தால் நெறி கட்டுவது நோய் இல்லை. அங்கே வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

நெறியில் நடக்கும் பாடம்

நெறிக்குள் 'டி அணு' என்ற வெள்ளை அணுக்கள் வந்து போய்க்கொண்டே இருக்கும். 'டி' என்பது ஆங்கில எழுத்து. நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. இந்த அணுக்கள் அங்கே வளர்ந்து வருபவை. தைமஸ் என்ற பெயரின் முதல் எழுத்தை வைத்து டி அணு என்கிறார்கள்.

ஒவ்வொரு டி அணுவும் ஒரு பூட்டு மாதிரி. ஒரே ஒரு சாவிதான் அதற்குப் பொருந்தும். கிளை அணு கொண்டு வந்த துண்டுதான் சாவி. பல லட்சம் டி அணுக்களில் ஒன்றுக்குத்தான் அந்தத் துண்டு பொருந்தும். கிளை அணு நெறியில் உட்கார்ந்து வருகிற டி அணுக்களுக்கு எல்லாம் துண்டைக் காட்டும். பொருந்தவில்லையா, அது தன் வழியே போகும். பொருந்தியதா, அங்கேயே நிற்கும்.

பிறகு நடப்பதுதான் ஆச்சரியம். அந்த ஒரு டி அணு இரண்டாகும். இரண்டு நான்காகும். நான்கு எட்டாகும். ஒரே நாளில் இரண்டு மூன்று தடவை பெருகும். ஒரு வாரத்தில் ஆயிரக்கணக்கில் ஆகிவிடும். சில டி அணுக்கள் கிருமி புகுந்த அணுவைக் கொல்லும். சில டி அணுக்கள் மற்ற வெள்ளை அணுக்களுக்கு உத்தரவு கொடுக்கும்.

இந்தப் படை எங்கே போக வேண்டும்? அதையும் நெறியிலேயே சொல்லி அனுப்புகிறார்கள். தோலில் இருந்து வந்த கிளை அணு பாடம் சொன்னால், டி அணு மேல் 'தோல்' என்று முகவரி எழுதின மாதிரி ஒரு குறி ஏறும். குடல் பக்கம் இருக்கும் நெறியில் பாடம் படித்தால் 'குடல்' என்று குறி ஏறும். தபால்காரர் முகவரி பார்த்துக் கடிதம் கொடுப்பது போல, டி அணு தன் குறியைப் பார்த்து இடம் போய்ச் சேரும். போலியோவுக்கு வாயில் சொட்டு மருந்தும் கொடுத்து, ஊசியும் போடுகிறோமே, ஏன் என்று கேட்பீர்கள். போலியோ கிருமி பெருகும் இடம் குடல். குடலுக்குக் காவல் சொட்டு மருந்தால்தான் நன்றாகக் கிடைக்கும். ஊசியால் ரத்தத்தில் காவல் கிடைக்கும். இரண்டும் வேண்டும்.

சரி, படை போய் வேலையை முடித்துவிட்டது. பிறகு? சில வாரங்களில் 100-க்கு 90-க்கும் மேல் டி அணுக்கள் செத்துப்போகும். அத்தனை பேருக்கும் உடம்பு சோறு போட முடியாது. மிச்சம் இருக்கும் கொஞ்சம்தான் நினைவு அணுக்கள். அந்தச் சாவியை அவை மறப்பதில்லை. முதல் தடவை பாடம் படிக்க ஒரு வாரம், பத்து நாள் ஆயிற்று. அடுத்த தடவை அதே கிருமி வந்தால் அவ்வளவு நாள் ஆகாது. அதற்குள் கிருமி பெருக முடியாது.

நினைவு அணுக்களில் மூன்று வகை உண்டு. ஒரு வகை நெறியிலேயே தங்கும். தேவை வந்தால் மறுபடி பெருகும். இன்னொரு வகை ரத்தத்தில் ரோந்து சுற்றும். மூன்றாவது வகை தோலிலேயே குடியேறிவிடும். திரும்ப ரத்தத்துக்கு வராது. இரவும் பகலும் அங்கேயே காவல். நம் தோலில் மட்டும் ஏறக்குறைய 2,000 கோடி டி அணுக்கள் இருக்கின்றன என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். ரத்தத்தில் இருப்பதைப் போல இரண்டு மடங்கு! இது 2006-ல் தெரிந்தது. அதுவரை டி அணு என்றால் ரத்தத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2010-ல் ஒரு சோதனை செய்தார்கள். எலிகளுக்கு அம்மைத் தடுப்பு மருந்து கொடுத்தார்கள். சில எலிகளுக்குச் சதையில் ஊசி. சிலவற்றுக்கு நம் டிக்காதார் மாதிரி தோலைக் கீறித் தடவல். தோலைக் கீறிய எலிகளுக்குத்தான் காவல் மிக பலமாக இருந்தது. அவர்களே 2012-ல் இன்னொன்று கண்டார்கள். ஒரு இடத்தில் கீறினாலும், நினைவு அணுக்கள் தோல் முழுவதும் பரவிக் குடியேறுகின்றன. கீறிய இடத்தில் அதிகம், மற்ற இடங்களில் கொஞ்சம் குறைவு. எலியில் கண்டது அப்படியே மனிதருக்கும் என்று சொல்லக் கூடாது. ஆனாலும் பழைய ஆட்கள் தோலைக் கீறியது வீண் இல்லை என்று தெரிகிறது.

மனிதரிலும் பார்த்திருக்கிறார்கள். எப்போதோ அம்மை குத்தியவர்களின் ரத்தத்தை எடுத்து 2003-ல் சோதித்தார்கள். குத்தி 75 வருஷம் ஆனவர்களிடமும் அந்த டி அணுக்கள் இருந்தன. வருஷம் ஆக ஆகக் குறைகின்றன. ஆனால் அழிந்துவிடவில்லை. தாத்தா, உங்கள் கையில் இருக்கும் தழும்பு பழசு. உள்ளே இருக்கும் நினைவு இன்னும் கொஞ்சம் உயிரோடுதான் இருக்கும்.

கண்ணால் பார்க்க முடியுமா?

டி அணுவின் நினைவைக் கண்ணால் பார்க்க ஒரு வழி இருக்கிறது. உங்களில் சிலருக்கே செய்திருப்பார்கள். காசநோய் சந்தேகம் வந்தால் முன்கையில் தோலுக்குள் ஒரு சின்ன ஊசி போடுவார்கள். மாண்டூ சோதனை என்று பெயர். "இரண்டு நாள் கழித்து வா" என்பார்கள். ஏன் அன்றே பார்ப்பதில்லை? ஏனென்றால் நினைவு டி அணுக்கள் அந்த இடத்துக்கு வந்து கூட நேரம் வேண்டும். முன்பே காசநோய்க் கிருமியைச் சந்தித்த உடம்பு என்றால், 48 மணி முதல் 72 மணிக்குள் அங்கே தடித்துக் கெட்டியாகும். பி.சி.ஜி. போட்டவர்களுக்கும் சில சமயம் தடிக்கும். சந்திக்காத உடம்பு என்றால் ஒன்றும் ஆகாது.

எச்.ஐ.வி. கிருமி அழிப்பது எதை என்று தெரியுமா? உத்தரவு கொடுக்கும் டி அணுக்களைத்தான். அதனால்தான் அந்த நோய் கண்டவர்களைக் காசநோய் சீக்கிரம் பிடிக்கிறது.

குழந்தையின் கையில் புண்

இப்போது பி.சி.ஜி.க்கு வருகிறேன். பிரான்சு நாட்டில் கால்மெட், கெரின் என்ற இருவர் மாட்டுக் காசநோய்க் கிருமியை 13 வருஷம் திரும்பத் திரும்ப வளர்த்து அதன் விஷத்தைக் குறைத்தார்கள். 1921-ல் அதை முதலில் குழந்தைக்குக் கொடுத்தார்கள். நம் நாட்டில் 1948-ல் கொடுக்கத் தொடங்கினார்கள். அதைத் தயாரிக்கச் சென்னை கிண்டியில் அந்த வருஷமே ஒரு கூடம் அமைத்தார்கள்.

ஊசி போட்டதும் தோலில் ஒரு சின்னத் தடிப்பு வரும். அரை மணியில் மறையும். 2, 3 வாரம் கழித்துக் கட்டி எழும்பும். அது உடைந்து புண் ஆகும். பொருக்குக் கட்டும். 6 முதல் 12 வாரத்துக்குள் ஆறித் தழும்பாகும். இவ்வளவு நாள் ஏன்? கிருமி உயிரோடு இருக்கிறது. மெதுவாக வளர்கிறது. கிளை அணுக்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நெறிக்குக் கொண்டு போகின்றன. டி அணுக்கள் பெருகி அந்த இடத்துக்கு வருகின்றன. குழந்தையின் ரத்தத்தில் அந்த டி அணுக்கள் மிக அதிகமாக இருப்பது 6 முதல் 10 வாரத்தில்தான். புண் இருக்கும் நாளும் பாடம் நடக்கும் நாளும் ஒன்றே.

அதனால் அந்தப் புண்ணில் எண்ணெய், மஞ்சள், சுண்ணாம்பு, சாம்பல் எதுவும் வேண்டாம். களிம்பும் வேண்டாம். கட்டும் போட வேண்டாம். குழந்தையைக் குளிப்பாட்டலாம். அக்குளில் சுண்டைக்காய் அளவு நெறி தெரிந்தால் பயம் இல்லை. அது பெரிதாகிக்கொண்டே போனாலும், உடைந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பி.சி.ஜி. எல்லாக் காசநோயையும் தடுக்காது. சின்னக் குழந்தைக்கு மூளைக் காய்ச்சலாக வரும் காசநோய், உடம்பு முழுவதும் பரவும் காசநோய், இவற்றைத்தான் நன்றாகத் தடுக்கிறது. பெரியவர்களுக்கு நுரையீரலில் வரும் காசநோயைத் தடுக்கிறதா என்று செங்கல்பட்டுப் பக்கம் 1968 முதல் லட்சக்கணக்கான மக்களிடம் சோதித்தார்கள். தடுக்கவில்லை என்றே முடிவு வந்தது. தோலில் படித்த டி அணு நுரையீரலில் போதுமான அளவு குடியேறுவதில்லை, இது ஒரு காரணமாக இருக்கலாம் என்று இப்போது ஆராய்கிறார்கள். ஆகவே, "எனக்குச் சின்ன வயதில் ஊசி போட்டாயிற்று" என்று இருக்காதீர்கள். 2 வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைச் சோதிக்க வேண்டும்.

தோலில் காவல் அணுக்கள் நிறைய இருப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. கொஞ்சம் மருந்தே போதும். குழந்தைக்குத் தோலுக்குள் போடும் போலியோ ஊசி, சதையில் போடும் அளவில் ஐந்தில் ஒரு பங்குதான். 6 வாரம், 14 வாரம், 9 மாதம் என்று மூன்று தடவை.

வெறிநாய்க் கடிக்கும் 2006 முதல் தோலுக்குள் ஊசி போட நம் நாட்டில் அனுமதி இருக்கிறது. முதலில் கடிவாயைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். அன்றே ஊசி. பிறகு 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். காயம் ஆழமாக இருந்தால் காயத்திலேயே இன்னொரு மருந்தும் போடுவார்கள். இரண்டு ஊசி போட்டதும் காயம் ஆறிவிடும். "இனி எதற்கு? ஒரு நாள் கூலி போகுமே" என்று பலர் நின்றுவிடுகிறார்கள். ஆறியது தோல். உள்ளே நினைவு இன்னும் முழுதாக உருவாகவில்லை. வெறிநாய்க் கடி நோய் வந்துவிட்டால் காப்பாற்ற வழி இல்லை. முழுதாகப் போட்டவரை இன்னொரு நாள் வேறு நாய் கடித்தால் எத்தனை தடவை போக வேண்டும் தெரியுமா? இரண்டே தடவை. கடித்த அன்று ஒன்று, 3-ஆம் நாள் ஒன்று. உடம்பு பாடத்தை மறக்காமல் வைத்திருப்பதால் கிடைத்த சலுகை அது.

நிறையப் பேசிவிட்டேன். கேள்வி இருந்தால் கேளுங்கள்.

என்ன பாட்டி? சத்தமாகக் கேளுங்கள். "என் பேரனுக்குப் பி.சி.ஜி. போட்டும் தழும்பே விழவில்லை. திரும்பப் போட வேண்டுமா?"

நல்ல கேள்வி. வேண்டாம் பாட்டி. சில குழந்தைகளுக்குத் தழும்பு விழாது. தழும்பு இல்லை என்பதால் நினைவு இல்லை என்று அர்த்தம் இல்லை. மறுபடி போட வேண்டாம் என்று 2018-ல் உலக சுகாதார நிறுவனமும் சொல்லியிருக்கிறது. போட்டார்களா என்பதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். கார்டில் தேதி எழுதியிருப்பார்கள். கொண்டு வந்திருக்கிறீர்களா? நான் படிக்க மாட்டேன். நீங்கள்தான் இப்போது எழுத்துக் கூட்டிப் படிக்கிறீர்களே. மேலே இருந்து முதல் வரி. படியுங்கள், நாங்கள் கேட்கிறோம்.